வைத்தியத் துறையில் வாலிபருக்கு முதற்படி

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச எழுந்திருப்பது ஒருவராயினும் சொல்லப்போவது மூவரின் அனுபவம். ஆகையால் உரை முழுவதிலும் 'நாங்கள்' என்றே சொல்லிவருவோம். நாங்கள் மூவரும் ஒரே மிஷன் பாடசாலையில் உயிரியல் பிரிவிற் படித்து, உயர்தரப் பரீட்சை எழுதி, பின்பு பல்கலைக்கழகம் அழைக்கும்வரை ஏறக்குறைய ஒன்றரை வருடம் வெவ்வேறு இடங்களில் வேலை செய்தவர்கள். இன்று ஒருவர் மருத்துவபீடத்திலும் ஒருவர் விஞ்ஞானபீடத்திலும் ஒருவர் தாதியியலிலும் படிக்கின்றோம். யார் எதிலென்பதை இங்கே சொல்லவில்லை. சொன்னால் மருத்துவபீடத்தார் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு.

செயலாளர் எங்களுக்குத் தந்த விடயம், 'வைத்தியராக விரும்பும் மாணவர் அதற்கு முன் வைத்தியத் துறையிலே என்ன வேலை தேடிக்கொள்ளலாம்' என்பது. கேட்கச் சிறிய விடயம். ஆனால் பரீட்சை முடிந்த பிள்ளை உள்ள வீட்டிலே இதைவிடப் பெரிய விடயம் வேறில்லை.

மாளிகாவத்தையில் வாழும் நாம் ஆஸ்பத்திரிகளின் நடுவே வாழ்கின்றோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. மருதானை வழியாக நடந்தே போனால் 1864ஆம் ஆண்டில் தொடங்கிய பெரியாஸ்பத்திரி, இன்றைய தேசிய வைத்தியசாலை. அதனருகே கண்ணாஸ்பத்திரி, சிறுவருக்கான சீமாட்டி றிஜ்வே, பிள்ளைப்பேற்றுக்கான டீ சொய்சா. கின்சி வீதியில் 1870ஆம் ஆண்டு ஆரம்பித்த மருத்துவக் கல்லூரி. அங்கே தலைவராயிருந்து 1877இல் இறந்த டொக்டர் கொக் என்பவரின் ஞாபகமாக 1881இல் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் நிற்கின்றது. எங்கள் மாளிகாவத்தையிலேயே சிறுநீரக நோய்க்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குமான தேசிய நிறுவகம் இருக்கின்றது. தூர ஊர்களிலிருந்து பஸ்ஸேறி, விடியற்காலையில் வந்திறங்கி, அதன் வாசலை நம்மிடம் விசாரிப்பவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். இத்தனைக்கும் நடுவில், டொக்டராக வேண்டுமென்று பத்து வயதிலிருந்து சொல்லிவரும் நம் பிள்ளைகளுட் பலர் ஆஸ்பத்திரிக்குள்ளே நோயாளியாகவோ, சாப்பாடு கொண்டுபோகும் உறவினராகவோ அன்றி வேறு எவ்வகையிலும் கால் வைத்ததில்லை.

இதற்கு ஒரு காரணம் நம் நாட்டின் அனுமதி முறை. அமெரிக்காவிலே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் அதற்கு முன்பே நோயாளரோடு பழகியவராயிருக்க வேண்டுமென்று கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. ஆகவே அங்குள்ள மாணவர் அம்புலன்ஸ் வண்டியில் உதவியாளராகவும், தாதிக்குத் துணையாளாகவும், டொக்டர் நோயாளியைப் பார்க்கையில் அருகிருந்து குறிப்பெழுதுபவராகவும் வேலை தேடி அலைகின்றனர். இங்கிலாந்திலும் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்த அனுபவத்தை நேர்முகப் பரீட்சையிலே விசாரிப்பார்கள். இங்கேயோ நேர்முகம் என்பதே கிடையாது. இசெட் புள்ளி ஒன்றே தராசு. நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்திலே வெட்டுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் நிற்குமென்பதை இங்குள்ள பெற்றோருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒருவன் இரண்டு வருடம் புண் கட்டியிருந்தாலும், இரண்டு வருடம் கட்டிலிற் படுத்திருந்தாலும் அந்தத் தராசுக்கு இரண்டும் ஒன்றே.

அப்படியானால் வேலைக்குப் போவது எதற்கு? ரியூசனுக்குப் போய் இன்னொரு முறை பரீட்சை எழுதலாமே என்பது நியாயமான கேள்வி. மூன்று முறை எழுத இடமுண்டு. எழுத வேண்டியவர்கள் எழுதத்தான் வேண்டும். நாங்கள் சொல்வது பரீட்சைக்கும் பல்கலைக்கழக வாசலுக்கும் இடையிலே கிடக்கும் அந்த நீண்ட காலத்தைப் பற்றி. வீட்டு வாடகை ஒருபுறம், தம்பி தங்கையின் படிப்பு ஒருபுறம் என்றிருக்கும் குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்குப் பேச்சன்று. எங்கள் மூவரில் ஒருவருக்கு வேலைக்குப் போவதா விடுவதா என்ற கேள்வியே இருக்கவில்லை. எந்த வேலை என்பது மாத்திரமே கேள்வி. புடவைக் கடையிற் பில் போட்டாலும் சம்பளம் ஒன்றுதான் என்றால், மருந்துக் கடையில் நிற்கலாமே என்று தொடங்கியதுதான்.

நம் முன்னோருக்கு இது புதிதுமன்று. மிஷன் பாடசாலையிற் படித்தவர்களாகையால் டொக்டர் கிறீன் அவர்களைப் பற்றிச் சிறுவயதிலேயே கேட்டிருக்கின்றோம். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அந்த அமெரிக்கர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் ஆஸ்பத்திரியோடு சேர்த்து ஒரு வகுப்பையும் தொடங்கினார். முதல் வகுப்பிலே மூன்று பேர். கொழும்பு மருத்துவக் கல்லூரிக்கு இருபத்திரண்டு வருடம் முந்திய வகுப்பு இது. புத்தகம் ஒரு பக்கம், மருந்து கலக்குவதும் புண் கழுவுவதும் ஒரு பக்கமாக அந்த வாலிபர்கள் கற்றார்கள். பின்பு 1864 அளவிலிருந்து தமிழிலேயே படிப்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அதற்காகவே உண்டாயின. 1873இல் அவர் ஊர் திரும்பும்போது பயிற்சி பெற்று வெளியேறியோர் அறுபதுக்கு மேல். அதன்பின் வந்த தலைமுறைகளிலே டிரெசர், டிஸ்பென்சர், அப்போதிக்கரி என்று எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இலங்கை முழுவதும், மலாயா வரையும் போனார்கள்! 'அப்போதிக்கரி ஐயா' என்ற சொல்லுக்குக் கிராமத்தில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பதை இங்கே முன்வரிசையிலிருக்கும் பெரியோர் அறிவர். கீழ்ப்படியில் நின்று மேற்படியை நோக்கிய காலம் அது. இன்று மேற்படி கிடைக்காவிட்டால் படிக்கட்டே வேண்டாமென்று இருக்கின்றோம்.

நிற்க. வேலைகளுக்கு வருவோம்.

மிக எளிதாய்க் கிடைப்பது மருந்துக் கடை வேலை. மருதானையிலிருந்து பொரளை வரை வீதிக்கு வீதி பார்மசி. எடுத்தவுடன் மருந்து கொடுக்க விடமாட்டார்கள். விடவும் கூடாது. முதலிற் பெட்டி உடைத்து அடுக்குவது, காலாவதித் திகதி பார்ப்பது, குளிரூட்டியின் வெப்பநிலையைக் கொப்பியில் எழுதுவது. பின்பு துண்டு வாசிக்கப் பழக வேண்டும். டொக்டர் எழுதும் துண்டிலே 'பீ.டி.' என்றால் இருவேளை, 'ரீ.டீ.எஸ்.' என்றால் மூவேளை, 'மானே' காலை, 'நொக்டே' இரவு. பழைய காலத்து மிஷன் பாடசாலைகளிலே லத்தீன் படித்த தாத்தாமார் இருந்தாற் சிரிப்பார்கள். அவர்கள் விட்ட லத்தீனை நாங்கள் மருந்துக் கடையிற் பொறுக்கினோம்.

துண்டிலே ஒரு பெயர், பெட்டியிலே வேறு பெயர், இரண்டும் ஒரே மருந்து என்ற உண்மை அங்கே நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பேராசிரியர் சேனக பிபிலே என்ற பெயரைப் பாடசாலையில் நாங்கள் கேட்டதாக ஞாபகமில்லை. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கிவைத்து, கம்பனிப் பெயரால் அன்றி மருந்தின் சொந்தப் பெயரால் வாங்கினால் ஏழை நாடு பிழைக்கும் என்று காட்டியவர் அவர். 1977இல் காலமானார். இன்றைய 'ஒசுசல' கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை. சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் குளிசை வாங்கும் ஒரு கிழவி, விலை கூடிய பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு 'அரை மாதத்துக்குத் தா மோனே' என்று கேட்கும்போது, அதே மருந்து குறைந்த விலையில் இன்னொரு பெயரில் உண்டு, பார்மசிஸ்டிடம் கேட்டுத் தருகிறேன் என்று சொல்லக்கூடிய அறிவு நல்ல அறிவு. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அது எத்தனை வீட்டுக்குத் தேவைப்பட்டது என்பதை எல்லோரும் அறிவோம்.

ஆனால் இந்த வேலையில் ஓர் ஆபத்து இருக்கின்றது, அதை மறைத்துப் பேசுவது முறையன்று. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லாமல் மருந்துக் கடை நடத்தக்கூடாதென்பது சட்டம். 2015ஆம் ஆண்டின் ஒளடதச் சட்டமும் அதையே வலியுறுத்துகின்றது. நடைமுறையிலே சில இடங்களிற் சான்றிதழ் சுவரிலே தொங்கும், சான்றிதழுக்குரியவர் வேறெங்கோ இருப்பார். எங்களில் ஒருவர் வேலை செய்த கடையில் (பெயர் வேண்டாம்) இரண்டாவது மாதத்திலேயே 'நீ பயோ படித்தவன்தானே' என்று சொல்லி இரவு எட்டு மணிக்குப் பின் கடையை ஒப்படைத்தார்கள். மூன்று நாள் பொறுத்து, நான்காம் நாள் அவர் விலகிவிட்டார். சம்பளத்தில் ஒரு வாரம் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மூன்று இரவில் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்து, 'தம்பி, இரண்டு அமொக்சிசிலின் தா, தொண்டை நோகுது' என்றார். துண்டு இல்லாமல் தரமுடியாது ஐயா என்றதற்கு, 'உன்ரை அப்பாவை எனக்கு முப்பது வருசமாத் தெரியும், எனக்கே துண்டு கேட்கிறியோ?' என்று கோபித்தார். தெரிந்த மனிதருக்கு இல்லையென்று சொல்வதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் பயிற்சி இல்லை. இரண்டு குளிசையை விழுங்கி நிறுத்துவதால் நோய்க்கிருமி சாகாமற் பழகிக்கொள்ளும் என்பதை, பெனிசிலினைக் கண்ட பிளெமிங் அவர்களே 1945இல் நோபல் பரிசு பெற்ற உரையில் எச்சரித்துவிட்டார். எண்பது வருடம் கழித்து மாளிகாவத்தையில் அதை ஒரு பத்தொன்பது வயதுப் பையன், தன் தகப்பனின் சிநேகிதருக்குச் சொல்லவேண்டியிருக்கின்றது. அந்தப் பையன் தரவில்லை. பெரியவர் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டார்.

ஆகவே மருந்துக் கடைக்குப் போகும் வாலிபர் முதலிற் கேட்கவேண்டியது சம்பளத்தையன்று. 'பார்மசிஸ்ட் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார்' என்பதைத்தான். நல்லவரின் கீழ் அமர்ந்தால் அது வெறும் இடைக்கால வேலையாயும் முடியவேண்டியதில்லை. பதிவு பெற்ற பார்மசிஸ்டின் கீழ் முறையாகப் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவக் கல்லூரிக் கவுன்சில் நடத்தும் பரீட்சையிலே தேறித் தாமும் பார்மசிஸ்டாக வந்தவர்கள் கொழும்பிலே பலர்.

அடுத்தது தனியார் ஆஸ்பத்திரி. அங்கே வெள்ளைச் சட்டையோடு ஸ்டெதஸ்கோப் மாட்டும் வேலை எதுவும் உயர்தரம் முடித்தவனுக்குக் காத்திருக்கவில்லை. இருப்பது அற்றெண்டன் வேலையும், தாதி உதவியாளர் வேலையும், வரவேற்பு மேசையில் இலக்கம் கொடுக்கும் வேலையும்தான். படுக்கை விரிப்பு மாற்றுதல், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல், ட்ரொலி தள்ளுதல், இரத்தக் குழாயை ஆய்வுகூடத்துக்குக் கொண்டோடுதல், மலசலப் பாத்திரம் எடுத்தல். கடைசியாகச் சொன்னதிலேதான் நம் வீடுகளில் சண்டை வரும். 'டொக்டராக வரவேண்டிய பிள்ளை பெட்பான் தூக்குவதா?' எங்கள் தாய்மாரும் கேட்டார்கள். நாங்கள் தாய்மாரோடு வாதாடவில்லை. ஆனால் இங்கே ஒன்று சொல்வோம். நகர முடியாமற் கிடக்கும் ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டாவிட்டால் இடுப்பிலே தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு எலும்பு தெரியப் புண்ணாகும். அதை ஆரம்பத்திற் காண்பவர் காலையில் ஐந்து நிமிடம் வந்துபோகும் விசேட வைத்திய நிபுணர் அல்லர், விரிப்பு மாற்றுபவர்தான். கண்டதை மிஸ்ஸிடம் சொன்னால் அது வைத்தியம். சொல்லாவிட்டால் வெறும் சலவை வேலை.

இன்னொன்று. சம்பளம் குறைவு, இரவு முறை உண்டு, காலில் நிற்க வேண்டும். போகுமுன் ஈரற் காய்ச்சல் 'பி'க்கு எதிரான தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஊசி குத்தும் ஆபத்து டொக்டருக்கும் கூட்டுபவருக்கும் ஒன்றே. வேலை தருபவர் அதைப் போட்டுத் தராவிட்டால் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி. இரவு முறைக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. எங்கள் மூவரில் ஒருவர் பெண். அவருடைய தந்தையார் முதல் மாதம் முழுவதும் இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். இரண்டாம் மாதம் அதே வாட்டில் வேலைசெய்யும் மருதானைப் பக்கத்து அக்கா ஒருவரோடு சேர்ந்து வர ஒழுங்கானது. வழிகள் இப்படித்தான் உண்டாகும். பகல் முறை மட்டும் உள்ள ஆய்வுகூட மாதிரி சேகரிப்பு, பல் வைத்தியர் கிளினிக், கண் பரிசோதிக்கும் நிலையம் ஆகியவற்றிலும் இடமுண்டு. அங்கே கற்பது குறைவுதான், ஆனால் ஒன்றுமில்லாமலில்லை.

பயிற்சி வகுப்புகள் என்று விளம்பரம் செய்யும் நிலையங்களைக் குறித்து எச்சரிக்கை அவசியம். 'ஆறு மாதத்தில் தாதி' என்று சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். ஆறு மாதத்தில் எவரும் தாதியாக முடியாது. தாதி என்ற சொல்லுக்கு இந்நாட்டிலே பதிவு வேண்டும். தாதி உதவியாளர், பராமரிப்பாளர் என்ற தகைமைகள் வேறு. அவை தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ்களாகக் கிடைக்கின்றன, அவற்றுக்குப் பெறுமதியும் உண்டு. 2019இல் ஜப்பானோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் முதியோர் பராமரிப்பு வேலைக்கு அந்நாடு போவதற்கும் வழி பிறந்தது. ஆனால் நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு செய்யப்பட்டதா என்று பாராமற் பணம் கட்ட வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் தாய் காப்பு அடகு வைத்துக் கட்டிய பணத்துக்குக் கிடைத்தது பொன்னிற விளிம்பு போட்ட ஒரு காகிதம். அதை எந்த ஆஸ்பத்திரியும் திரும்பிப் பார்க்கவில்லை.

சம்பளமில்லாத வேலைகளும் உண்டு. சென் ஜோன் அம்புலன்ஸ், செஞ்சிலுவை ஆகியவற்றின் முதலுதவி வகுப்புகள். நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த வங்கிக்காக முகாம் நடத்துவது. 2014 முதல் நம் நாட்டில் ஏற்றப்படும் இரத்தமெல்லாம் காசு வாங்காமற் கொடுப்போரிடமிருந்தே வருகின்றது. இது பெரிய நாடுகளும் மெச்சும் காரியம். பதினெட்டு வயதும் ஐம்பது கிலோ எடையும் நிரம்பிய ஆரோக்கியமுள்ளவர் நான்கு மாதத்துக்கொருமுறை கொடுக்கலாம். முகாமில் நின்று பெயர் பதிந்து, மயங்குபவரைத் தாங்கிப் பிடித்துப் பழகினால், இரத்தத்தைக் கண்டு நம் முகம் வெளிறுகின்றதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். ஐந்து வருடம் படிக்குமுன் அதைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா? 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையைக் குறித்தும் பலர் விசாரிக்கின்றனர். அது முறையான பயிற்சியோடு கூடிய முழுநேர உத்தியோகம், இடைக்கால வேலையன்று. விரும்புவோர் அதனையே தொழிலாகக் கருதிப் போகவேண்டும்.

இனிச் சொல்லப்போவதே எங்கள் மனத்தில் முதலிடம் பெற்றது. விளம்பரத்தில் வராத ஒரு வேலை உண்டு. அது மொழி.

மாளிகாவத்தையிலே தமிழ் பேசுவோர் இந்துக்களும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களுமாக இருக்கின்றோம். ஆஸ்பத்திரியிலோ பேச்சு பெரும்பாலும் சிங்களம். 1987இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டுத் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டம் அப்படி. கிளினிக்கில் நாற்பது பேர் வரிசையில் நிற்க, ஒரு டொக்டர் அவசரத்தில் எழுதுகையில் சட்டம் எங்கே நிற்கும்? மருந்துப் பையின் மேல் எழுதியிருப்பதை வாசிக்க முடியாத தாய், 'கலின்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'பஸ்ஸே' என்றால் பின் என்பதை மாற்றி விளங்கிக்கொண்டு ஒரு மாதம் குளிசை விழுங்குவாள். கொழும்பிலேயே பிறந்த நமக்கு இது சிறிய விடயமாய்த் தோன்றும். மலைநாட்டிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருவோருக்குச் சிறிதன்று.

சிறுநீரக நோயாளர்களைப் பாருங்கள். சிறுநீரகம் முற்றாய்ச் செயலிழந்தவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலமளவில் இரத்தம் இயந்திரத்தினூடே சுத்திகரிக்கப்படுகின்றது. இடைப்பட்ட நாட்களில் உயிர் நிற்பது சாப்பாட்டில். தண்ணீர் அளவு, உப்பு அளவு, கருவாடு கூடாது, பொற்றாசியம் மிகுந்த பழங்கள் கூடாது. உடம்பு சூடு என்று நம்மவர் முதலில் வாங்கிக் குடிப்பது செவ்விளநீர். அதிலே பொற்றாசியம் நிறைய உண்டு. சிறுநீரகம் வெளியேற்றாத பொற்றாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயம் திடீரென நின்றுபோகலாம். 'இளநீர் குடிக்க வேண்டாம்' என்ற மூன்று சொல் ஒருவருக்கு விளங்கும் மொழியிற் சொல்லப்படுவதற்கும் சொல்லப்படாததற்கும் இடையில் இருக்கும் தூரம் அவ்வளவு.

ஆகவே எங்களில் ஒருவர் கிளினிக் நாட்களில் அயலவர்களோடு துணைக்குப் போகத் தொடங்கினார். முதலில் ஓர் ஆச்சிக்கு, பிறகு ஆச்சி சொல்லி அடுத்த மாடி உம்மாவுக்கு. கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது, டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது, நோயாளி சொல்வதைச் சிங்களத்தில் சொல்வது. கேட்க எளிது, செய்யக் கடினம். நோயாளி 'நெஞ்சுக்குள்ளே ஒரு மாதிரி' என்பார். அந்த 'ஒரு மாதிரி' நோவா, எரிவா, அடைப்பா, படபடப்பா? மொழிபெயர்ப்பவர் தாமே ஒன்றைத் தெரிவுசெய்து சொல்லிவிட்டால் நோய் மாறிவிடும். நோயாளியிடமே திருப்பிக் கேட்க வேண்டும். டொக்டர் சொன்ன கடுமையான செய்தியை இளக்கிச் சொல்லவும் கூடாது. ஆச்சியின் மகன், 'அம்மாவுக்கு அதைச் சொல்லிப்போடாதை தம்பி' என்று காதிலே சொன்னால் என்ன செய்வது? எங்களவர், 'டொக்டரிடமே கேளுங்கள் அண்ணை' என்று மகனை உள்ளே கூட்டிப்போனார். பெண்களின் வருத்தங்களுக்கு ஆண்பிள்ளை துணைபோக முடியாது, அங்கே எங்கள் சகோதரிதான் போனார். இவையெல்லாம் சம்பளமில்லாத வேலை. ஆனால் மூன்று பேரிலும் அதிகம் கற்றவர் யாரென்று கேட்டால் அந்தக் கிளினிக் கொப்பி தூக்கியவர்தான்.

இதற்குச் சிங்களம் நன்றாய்ப் பேச மட்டுமன்றி வாசிக்கவும் தெரியவேண்டும். நம் வாலிபர் பலருக்குத் தெருச் சிங்களம் உண்டு, எழுத்துச் சிங்களம் இல்லை. மிஷன் பாடசாலையிலே ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலிருந்த மொழியை எங்களில் இருவர் பரீட்சைக்குப் பின்தான் எழுத்துக்கூட்டினோம்.

ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. இவ்வளவும் செய்தும் மருத்துவபீடம் கிடைக்காவிட்டால்? பலருக்குக் கிடைப்பதில்லை. கணக்கு அப்படி. வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்கள் அப்போது வீடு தேடி வருவார்கள். போகக்கூடிய வசதியுள்ளோர் போகட்டும். திரும்பி வந்தபின் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையிலே தேறாமல் இங்கே தொழில் செய்ய முடியாதென்பதையும், எந்தப் பல்கலைக்கழகத்தைச் சபை அங்கீகரித்துள்ளது என்பதையும் முகவரிடம் கேட்காமற் சபையிடமே கேட்டுவிட்டுப் போகட்டும். காணியை விற்றபின் கேட்கும் கேள்வியன்று இது. மற்றோருக்குத் தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிரியக்கம் என்று பட்டப்படிப்புகள் இருக்கின்றன. கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் இவற்றுட் பல நடக்கின்றன. விண்ணப்பப் பத்திரத்திலே இவற்றை இருபதாவது தெரிவாக, கண்ணை மூடிக்கொண்டு எழுதுகின்றோம். வாட்டிலே நின்று பார்த்த பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு எழுதும். எங்களில் தாதியியல் படிப்பவர், மருத்துவபீடம் தவறியதால் அங்கே போனவர் என்று அயலார் அனுதாபப்படுகின்றனர். இரவு வாட்டில் டொக்டர் இல்லாத எட்டு மணித்தியாலத்தில் நோயாளியைக் காப்பவர் யாரென்று பார்த்தபின், அதையே முதல் தெரிவாக எழுதியவர் அவர். அவருடைய தாயார் இன்னும் முற்றாய்ச் சமாதானமாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றோம்.

மருத்துவபீடத்தில் இருப்பவருக்கு வேலை செய்தது உதவுகின்றதா என்று தலைவர் அவர்கள் முன்பு கேட்டார்கள். முதல் இரண்டு வருடமும் உடற்கூறும் உயிர்ரசாயனமும். அதற்கு ட்ரொலி தள்ளிய அனுபவம் ஒரு புள்ளியும் சேர்க்கவில்லை என்பதே உண்மையான பதில். நோயாளியின் கட்டிலருகே போகும்போது என்ன ஆகின்றதென்பதை இன்னொரு வருடத்தில் அழைத்தாற் சொல்வார்.

கடைசியாக, நிர்வாகக் குழுவின் அனுமதியோடு ஓர் ஒழுங்கு. உயர்தரம் எழுதிவிட்டு இருப்போர் தங்கள் பெயரையும், எவ்வகை வேலைக்கு விருப்பம் என்பதையும், சிங்களம் வாசிக்கத் தெரியுமா என்பதையும் ஒரு கடதாசியில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். பார்மசிஸ்ட் நேரம் முழுவதும் இருக்கும் கடைகள் சிலவற்றை நாங்கள் நேரில் அறிவோம், அங்கே அழைத்துச் செல்வோம். கிளினிக்குக்குத் துணை வேண்டுவோர், எம்மதத்தவராயினும், முதல்நாள் மாலைக்குள் சொல்லியனுப்பினால் ஒருவர் வருவார். எழுத்துச் சிங்களம் படிப்பிக்க ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு இந்த மண்டபத்துக்கு வர இசைந்திருக்கின்றார். கொப்பியும் பென்சிலும் கொண்டு வரவும். கதிரைகள் போதாவிடின் பாய் விரிக்கப்படும்.